‘பிரிக்க’ என்று எழுதிய சீட்டு

வந்த முதல் வாரமே கவனித்திருப்பீர்கள், இந்தப் பட்டறையில் யாரும் ‘பிரி’ என்று சொல்வதில்லை. மடித்த புடவையைத் திறக்க வேண்டுமென்றால் ‘விரி’ என்கிறோம். தைத்ததைக் கழற்ற ‘தையல் எடு’. கத்தரி போட வேண்டுமென்றால் ‘வெட்டு’ என்று நேராகவே சொல்கிறோம். பார்சல் வந்தால்கூட இங்கே யாரும் பிரிப்பதில்லை, திறக்கிறோம். ‘கௌரியம்மாவுக்கு இது ஒரு கிறுக்கு’ என்று நீங்கள் உங்களுக்குள் பேசிச் சிரித்ததும் என் காதில் விழுந்தது. எனக்கு முட்டிதான் போய்விட்டது, காது நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த மாதத்தோடு நான் விலகிக்கொள்கிறேன். எப்படித் தைப்பது, எந்தத் தெருவில் மிச்சத் துணி கிடைக்கும், எந்த வியாபாரி வாயால் வழவழவென்று பேசி அழுகலைத் தலையில் கட்டுவான் என்பதையெல்லாம் உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்பதை இரண்டு பேர்தான் சொல்ல முடியும். ஒருத்தி நான். இன்னொருத்தி இங்கே இல்லை. அதனால் எழுதி, மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

இல்லாதவள் பெயர் எஸ்தர். என்னைவிட மூன்று வயது சின்னவள். அடுத்த தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தறிக்காரர். தறி ஓடும் வீட்டில் மிச்சம் குவிந்துகொண்டே இருக்கும். பாவு தீர்ந்த பிறகு தறியில் நிற்கும் ஒரு முழ நூல், சாயம் இறங்கிய புடவை, பூச்சி அரித்தது, வியாபாரி குறை சொல்லித் திருப்பியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இதையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைத்திருந்தேன். எலிகளுக்கு நல்ல மெத்தை. ஒரு நாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனபோது, என்ன தோன்றியதோ, ஒரு சாக்கையும் தூக்கிக்கொண்டு போனேன். எஸ்தர் அதைத் தரையில் கொட்டி ஒவ்வொரு துண்டாக ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இன்னா க்கா, இத்தயெல்லாமா எலிக்குப் போட்டுகினு கீற?” என்றாள்.

அவ்வளவுதான் எங்கள் தொழிலின் திறப்பு விழா. மிச்ச நூலில் சாமிப் படத்துக்கு மாலை கட்டினோம். துணியில் பர்ஸ் தைத்தோம், கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுக்கும் தாம்பூலப் பை தைத்தோம். கரைக்கு டிசைன் எடுக்கும் ஜக்கார்டில் ஓடித் தேய்ந்த ஓட்டை அட்டைகளை நோட்டுப் புத்தகத்துக்கு மேலட்டையாக ஒட்டினோம். துணி தேடுவது, ஆர்டர் பிடிப்பது, பேரம் பேசுவது நான். வெட்டுவது, தைப்பது எஸ்தர். வாய் என்னுடையது, கை அவளுடையது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். அவளுக்கு அது பிடிக்காது. “உனக்கு கை இல்லியா, எனக்கு வாய் இல்லியா?” என்பாள்.

பதினோரு மணிக்கு டீயும் ஒரு பன்னும் வரும். எஸ்தர் பன்னை இரண்டாகப் பிய்ப்பாள். அது ஒரு நாளும் சரிபாதியாகப் பிய்ந்ததில்லை. பெரிய பாதியை என் பக்கம் தள்ளுவாள். அவளுக்கு என் மேல் கோபம் என்றால் சின்னப் பாதி வரும். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள். சின்னப் பாதி வந்த நாளில் நான் காலையிலிருந்து என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்து, அதைச் சரிசெய்து, சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிடுவேன். பத்து வருடம் எங்களுக்கு இந்தப் பன்னே போதுமானதாக இருந்தது.

புடவையைப் பார்த்து ‘வெட்டு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. தறிக்காரர் வீட்டு மருமகள். அந்தச் சொல்லைக் கேட்டால் மாமியார் முறைப்பார், வீட்டுக்காரர் அன்று பூராவும் பேச மாட்டார். அதனால் நானும் எஸ்தரும் ‘பிரிக்கிறது’ என்று வைத்துக்கொண்டோம். கரையைத் தனியாக, முந்தியைத் தனியாக, உடலைத் தனியாக எடுத்துத் துண்டு போடுவதற்கு எங்கள் பட்டறையில் அதுதான் பேர். வருகிற ஒவ்வொரு புடவையிலும் ஒரு சீட்டு குத்துவேன். ‘மாலை’, ‘பர்ஸ்’, ‘பிரிக்க’. சீட்டைப் பார்த்து எஸ்தர் வேலையை எடுப்பாள். ஊரில் மற்ற எல்லோருக்கும் ‘பிரிச்சு வெக்கிறது’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பீரோவில் கிடக்கும் பட்டுப் புடவையை அவ்வப்போது திறந்து, காற்றாட விட்டு, மடிப்பு மாற்றி வைப்பது. அப்படிச் செய்யாவிட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்று விட்டுப்போகும். எங்களுக்கும் அந்த அர்த்தம் தெரியும். ஆனால் பத்து வருடம் ஒரு சொல்லைத் தொழிலில் போட்டுப் புழங்கினால் பழைய அர்த்தம் காதில் விழாமல் போய்விடுகிறது.

நடுவில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. தெருத்தெருவாகப் பழைய பட்டு வாங்கி, எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுப்பவர். ஒரு தரம் களம்பூரில் ஒரு வீட்டு வாசலில் அவரும் நானும் ஒரே புடவைக்காக மோதிக்கொண்டோம். விற்றது அந்த வீட்டு மகன். அவர் புடவையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “அம்மா வூட்ல இல்லீங்களா?” என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார்கள் என்றான் மகன். “அப்ப அவங்க வந்தப்புறம் வர்றேன்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் வாங்காமல் பின்னாலேயே வந்தேன். தெருமுனையில் நின்று சொன்னார்: “நான் கொளுத்தறேன், நீங்க கத்தரி போடறீங்க. ரெண்டுமே திரும்பி வராத வேலை. கட்டுனவங்க எங்கன்னு கேட்டுட்டுத்தான் கைய வெக்கணும்.” ஊர் ஊராகப் புடவை கொளுத்துகிற மனிதர் எனக்குச் சொன்னது இது. அதை நான் ஒழுங்காகவே கடைப்பிடித்தேன், ஒரே ஒரு தரம் தவிர.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். மார்கழிக் கடைசி. தை பிறந்தால் வரிசையாக முகூர்த்தம், தாம்பூலப் பை கேட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். அந்த நெரிசலில் கண்ணமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். மஞ்சள் பையிலிருந்து நாலு பழைய புடவைகளை எடுத்து வைத்தார். மகளுக்குக் கல்யாணம், இவற்றில் தாம்பூலப் பை வேண்டும் என்றார். பிறகு வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய ஐந்தாவது புடவையை எடுத்தார். அரக்கு நிறம், மாங்காய்க் கரை.

“இத்த மட்டும் பிரிச்சி வெச்சிடுங்கம்மா. அடுத்த வாரம் பொண்ணோட வந்து பாக்கறேன். எனக்குக் கை வரல.”

நான் அப்போது ஒரு கையில் டெலிபோனும் இன்னொரு கையில் மாதிரிப் பையும் வைத்துக்கொண்டு வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கை வரவில்லை என்றால் கத்தரி பிடிக்கத் தெரியாது என்று எடுத்துக்கொண்டேன். “ஜல்தியா முடிச்சி வெச்சிடறோம் சார்” என்றேன். சீட்டு எழுதிக் குத்தினேன். கட்டியவர் எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை எஸ்தர் அந்தப் புடவையோடு என் மேஜைக்கு வந்து நின்றாள்.

“க்கா, இது நல்லா கீதே. ஒரு இழை போவல. இத்தயுமா பிரிக்கச் சொன்னாரு?”

“ஆமா. சீட்டு கீதில்ல? வாத்தியாரே தன் வாயால சொன்னாரு. பேஜார் பண்ணாத, வேலையப் பாரு.”

அவள் சீட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போய்க் கத்தரியை எடுத்தாள்.

அடுத்த வாரம் வாத்தியார் மகளோடு வந்தார். மெலிந்த பெண், அப்பாவின் முகம். “பிரிச்சி வெச்சீங்களாம்மா?” என்றார். வைத்தாயிற்று என்று நான் தாம்பாளத்தில் எடுத்துவந்து வைத்தேன். கரை இரண்டும் சுருட்டி, முந்தி மடித்து, உடல் நாலு துண்டாக அடுக்கி. வேலை சுத்தமாக இருந்தது, அதனால் கொஞ்சம் பெருமையாகவே வைத்தேன்.

“அப்பா, இது அம்மாவுது இல்ல” என்றாள் அந்தப் பெண். பிறகு கரையில் மாங்காயைப் பார்த்தாள்.

வாத்தியார் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். “இது அவளோட முகூர்த்தப் புடவைம்மா. மூணு வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்குக் கட்டிட்டு வந்து, அவ கையால மடிச்சு வெச்சா. அப்றம் அவ இல்ல. அந்த மடிப்ப என்னால தெறக்க முடியல. பொண்ணாலயும் முடியல. பட்டு தெரிஞ்சவங்க பிரிச்சி, காத்தாட வெச்சிக் குடுத்தா, கல்யாணத்தன்னிக்கு பொண்ணு கட்டிக்கும்னு எடுத்துகினு வந்தேன்.”

தையல் மிஷினின் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

இந்தத் தொழிலில் தப்பு நடக்கும். இருக்கும் மிச்சத்தை வைத்துப் பிழைக்கிறோம், நமக்கு மாற்றுத் துணி கிடையாது, வெட்டியது வெட்டியதுதான். அதனால் மற்ற தொழிலைவிட நமக்குத் தப்பு கொஞ்சம் பெரிதாகவே நடக்கும். அப்படி நடந்து, எதிரில் ஒருவர் நிற்கும்போது, உங்கள் வாயிலிருந்து முதலில் ஒரு வாக்கியம் வரும். இரண்டாவது வாக்கியத்தை யோசித்துச் சொல்லலாம். முதல் வாக்கியத்துக்கு நேரம் இருக்காது, அது உள்ளே என்ன இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து வெளியே வைத்துவிடும். என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்.

“தெக்கிறவங்க தப்பா எடுத்துகினாங்க சார்.”

சீட்டு எழுதியது நான். கேட்க வந்தவளை வாயடைத்து அனுப்பியது நான். அவள் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியும் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, ஆனால் திருத்தவில்லை. வாத்தியார் முகம் என் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திரும்பியதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மூச்சுக்காக இன்றுவரை என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

எஸ்தர் எழுந்து வந்தாள். “ஆமாங்க சார். என் கைதான் வெட்டுச்சு” என்றாள். எங்கள் பட்டறையில் அந்தச் சொல்லை முதல் தரம் சொன்னது அவள்தான்.

நான் பதறிப்போய், வீட்டுக்காரரிடம் சொல்லி இதே மாதிரி புதிதாக நெய்து தரச் சொல்கிறேன் என்றேன். “புதுசு எனக்கு இருக்குதுங்க” என்றாள் அந்தப் பெண். எஸ்தர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடம் நேராகப் பேசினாள்.

“கல்யாணம் என்னிக்கு, பாப்பா?”

“பன்னெண்டு நாள் இருக்குதுங்க.”

“கரை முழுசா கீது. முந்தி முழுசா கீது. உடல்தான் போச்சு. வேற உடல்ல உங்கம்மா கரையயும் முந்தியயும் வெச்சுத் தர்றேன். அது உங்கம்மா புடவன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கரையும் முந்தியும் அவங்களுது, அத்தத்தான் சொல்ல முடியும். வேணாம்னா இப்பயே சொல்லிடு, நான் தொட மாட்டேன்.”

அந்தப் பெண் முந்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதை எஸ்தர் கையில் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் நாலு தெரு அலைந்து ஒரு அரக்குப் புடவை கொண்டுவந்தார். கரையில் ஜரிகை விட்டுவிட்டு விழுந்திருந்ததால் வியாபாரி கழித்துப் போட்டது. உடலில் ஒரு குறையும் இல்லை. பழைய அரக்குக்கும் புது அரக்குக்கும் ஒரு சாயல் வித்தியாசம் இருந்தது. அதை மறைக்க நான் ஏதேதோ யோசனை சொன்னேன், எஸ்தர் கேட்கவில்லை. தைப்பதற்குப் புது நூல் எடுக்காமல், வெட்டிய நாலு துண்டின் ஓரத்திலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி, அந்த நூலிலேயே கையால் தைத்தாள். பன்னிரண்டு நாளும் பதினோரு மணிக்கு டீ வந்தது, பன் வந்தது. அவள் பன்னைப் பிய்த்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள். ஒரு நாள் சின்னப் பாதி வந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் காலைப் பிடித்திருப்பேன், விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். தினமும் பெரிய பாதியே வந்தது. அதைத் தின்று முழுங்குவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. எஸ்தர் வேலை இருக்கிறது என்று வரவில்லை. நான் மட்டும் கண்ணமங்கலம் போனேன். மணமேடையில் அந்தப் பெண் நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே புடவை. கிட்டப் போனால் கரை ஓர் அரக்கு, உடல் ஓர் அரக்கு. அவள் முந்தியை முன்னால் இழுத்துச் செருகாமல் தோளில் அகலமாக விரித்துப் போட்டிருந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்கிற மாதிரி. நான் ஓரமாக நின்று அழுதேன். நல்லவேளை, கல்யாண வீட்டில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சாப்பிட்டு எழுந்தபோது வாத்தியார் வந்தார். “அந்தம்மா வர்லீங்களா?” என்றார். வேலை என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

“நான் யாருகிட்ட என்ன சொல்லிக் குடுத்தேன்னு எனக்கு நெனப்பிருக்கும்மா. முப்பது வருஷம் வகுப்புல நின்னவன். கண்ணாடி ஒடஞ்சா எந்தப் பையன் கைய நீட்டுவான், எந்தப் பையன் பக்கத்துல இருக்கறவனக் காட்டுவான்னு பாத்தவுடனே தெரியும்.” அவர் குரலில் கோபம் இல்லை. என் கையில் ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்தார், எஸ்தர் தைத்ததுதான். “அவங்களுக்கும் ஒண்ணு எடுத்துகினு போங்க. அந்த உடல் துண்டுங்க உங்க பட்டறையிலயே இருக்கட்டும். எங்களுக்கு அத்தப் பாக்க முடியாது.”

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பட்டறைக்குள் நுழைந்ததும், “எஸ்தர், வாத்தியார் உன்னக் கேட்டாரு” என்றேன். “அப்டியா” என்று தாம்பூலப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். சரி, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் ஓர் ஆர்டர் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. தை போய், மாசி போய், சித்திரையும் போயிற்று. ஆர்டர் பிடிக்கும் வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவே இல்லை.

ஆவணியில் எஸ்தர் போகிறேன் என்றாள். தெள்ளாரில் அவள் அக்கா வீடு இருந்தது, அங்கே பெண்களுக்குத் தையல் வகுப்பு ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னாள். போகாதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்தான் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. கடைசி நாள் சாயங்காலம் அந்த நாலு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடித்து, வாத்தியார் கொண்டுவந்த வெள்ளைத் துணியிலேயே சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

“இது இங்கயே இருக்கட்டும் க்கா. அப்பப்ப மடிப்பு மாத்தி வைய்யி. இல்லன்னா விட்டுப்பூடும்.”

மறுநாளிலிருந்து ‘பிரிக்க’ என்ற சீட்டை நிறுத்தினேன். அந்தச் சொல்லையே நிறுத்தினேன். என் கிறுக்கின் வரலாறு இதுதான்.

தெள்ளார் ஒன்றும் கடல் கடந்த ஊர் இல்லை. ஒரு தரம் போனேன். அவள் போய் ஒரு வருடம் இருக்கும். வீட்டை விசாரித்துக்கொண்டு போனால் உள்ளே வகுப்பு நடக்கிறது. முதுகைக் காட்டி நின்றிருந்தாள், காதோரம் சாக்பீஸ். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. “கத்தரி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கேளுங்க. கேட்டப்புறமும் மனசு ஒப்பலன்னா இன்னொரு தரம் கேளுங்க. திட்டுனாலும் கேளுங்க. நான் ஒரு தரம்தான் கேட்டேன், அதுக்கு ஒரு பொண்ணோட அம்மா புடவ போச்சு.”

அவள் அதைத் தன் தப்பாகவே எடுத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தாள். நான் அவள் தலையில் வைத்த பாரத்தை அவள் இறக்கி வைக்கவே இல்லை. உள்ளே போய் அந்தப் பிள்ளைகள் எதிரில் ‘தப்பு என்னுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாசல்படி தாண்டினால் போதும். திரும்பி நடந்து பஸ் ஏறி நம் ஆரணிக்கே வந்துவிட்டேன். அப்புறம் இத்தனை வருடத்தில் எத்தனை தரம் தெள்ளார் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. மிச்சத்திலிருந்து எதையாவது செய்துவிடலாம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருந்ததை வைத்து ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு இப்போதும் ஒரு பன் வாங்குகிறேன். பிய்க்கிறேன். எப்படிப் பிய்த்தாலும் ஒன்று பெரிதாக வந்துவிடுகிறது. அதைத் தட்டில் எதிர்ப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு டீயைக் குடிக்கிறேன். சர்க்கரை நோய்க்காரி பாதி பன் தின்கிறாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் உங்களில் ரேவதி ஒரு காரியம் செய்தாள். வெட்டுவதற்கு வைத்திருந்த ஒரு பச்சைப் புடவையை என்னிடம் எடுத்துவந்து, “இத்த வெட்டலாங்களாம்மா?” என்றாள். வெட்டு என்றேன். போனவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். “நெஜமாவே வெட்டலாங்களா? கட்டுனவங்களக் கேட்டாச்சுங்களா?” எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஒரு தரம் சொன்னால் உனக்குப் புரியாதா என்று கேட்க வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டேன். எங்கே தையல் படித்தாய் என்று கேட்டேன்.

“தெள்ளார்லங்கம்மா. எஸ்தர் டீச்சர் கிட்ட.”

ரேவதி, அன்றைக்கு நான் ஏன் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன் என்று இப்போது தெரிந்திருக்கும். திரும்பி வந்து, டீச்சர் நம்ம பட்டறையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று உன்னைக் கேட்டேன். நீ யோசித்துச் சொன்னாய்: “இங்க வேலைக்கு வர்றேன்னு சொன்னப்போ, நல்ல எடம், போன்னாங்க. அங்க துணி மேல சீட்டு குத்தி வெப்பாங்க, சீட்ட நம்பாத, அந்தம்மாவையே கேளுன்னாங்க. அப்றம், அந்தம்மாவுக்கு முட்டி வலி எப்டி கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னாங்க.”

என் முட்டி வலி அவள் இருந்தபோதே ஆரம்பித்தது. இத்தனை வருடமாக அது அவளுக்கு நினைவிருக்கிறது.

இனி நான் கேட்கப்போகும் உதவியைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் மேல்தட்டில் அந்த வெள்ளைத் துணி மூட்டை இருக்கிறது. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் மடிப்பு மாற்றி வையுங்கள் என்று உபதேசம் செய்த நான் அதை ஒரு தரம்கூடத் திறக்கவில்லை. எஸ்தர் கையால் மடித்த மடிப்பு. வாத்தியார் கை வரவில்லை என்று சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிவதற்கு ஆவணி வரை ஆயிற்று. உள்ளே பட்டு விட்டுப்போயிருக்கும், எனக்குத் தெரியும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு நான் தெள்ளார் போக வேண்டும். அந்த வாசல்படியைத் தாண்டி, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அவர்கள் எதிரிலேயே, வாத்தியார் எதிரில் சொல்லியிருக்க வேண்டிய முதல் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

மூட்டையில் ஒரு சீட்டு குத்தியிருக்கிறேன். என் கையெழுத்துதான். ‘பிரிக்க’ என்று எழுதியிருக்கிறேன். சீட்டை நம்பாதீர்கள். மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிரிக்கலாமா என்று என்னைக் கேளுங்கள். முதல் தரம் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். திட்டினாலும் திட்டுவேன். ரேவதி, நீ இன்னொரு தரம் கேள்.